மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே



என் பிள்ளைப் பருவத்தில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. தெருவில் மூன்று வீடுகளில் இருந்தது. எங்கள் வீட்டில் இல்லாததற்கு வறுமை ஒரு காரணம். அத்தா மற்றொரு காரணம். வறுமை என்றாவது ஒருநாள் தீரும், அத்தாவின் மனம் மாறாது என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

அத்தாவுக்கு நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் பெயிண்ட் வேலை. வெறும் சட்டமும் எஞ்சினுமாக வந்து நிற்கும் வண்டிக்குத் தச்சர்கள் மரத்தால் உடல் செய்து முடித்தபின் அத்தாவின் முறை வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடிப்பூச்சுக் கொடுத்து, மஞ்சளும் சிவப்பும் பச்சையும் ஏற்றி, கடைசியில் எழுத்து எழுதுவார். கொடி, பூ, சக்கரம் எல்லாம் வரைவார். உருவம் மட்டும் வரையமாட்டார். புலி, கழுகு, தாயின் முகம், குழந்தையின் முகம் என்று உரிமையாளர்கள் விரும்பிக் கேட்பார்கள். "முகம் வேணும்னா அடுத்த பட்டறையில ஆள் இருக்காருங்க, நல்லாப் போடுவாரு" என்று சொல்லி அனுப்பிவிடுவார். முகத்துக்குக் கூலி அதிகம். உருவம் வரைவதைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதைத் தம் சிறுவயதில் ஓதப் போன இடத்தில் கேட்டவர் அவர். அதற்குமேல் அதைப் பற்றி அவர் விவாதித்ததில்லை. பிறர் வரைவதைக் குறை சொன்னதும் இல்லை.

தொலைக்காட்சியை அவர் விலக்கியதற்கு உருவம் மட்டுமே காரணம் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது அப்படியன்று. அதன் நேரம் அவருக்கு உறுத்தியது. மஃரிப் தொழுதபின் இஷா வரை பள்ளிவாசலின் வலப்பக்கத் தூணருகே உட்கார்ந்து யாசீன் ஓதுவதும், தஸ்பீஹ் செய்வதும், ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதும் அவருடைய ஒரு நாளின் சாரம். நாள் முழுதும் டின்னரின் காரமான வாடையில் நிற்பவருக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் மூச்சு. அந்தப் பெட்டி சரியாக அதே நேரத்தில்தான் விழித்துக்கொண்டது.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று ஒரே அலைவரிசை, அதுவும் மாலையில்தான். 1967ஆம் ஆண்டு ஜூலையில் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசை வண்ணத்துக்கு மாறியபோது லண்டன் வீடுகளில் மூன்று அலைவரிசைகள் இருந்தன. இந்தியாவில் டெல்லியைத் தவிர வேறெங்கும் தொலைக்காட்சியே இல்லை. சென்னையில் நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள். அப்போதும் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அது பத்திரிகைச் செய்திதான். கொடைக்கானல் மலையில் கோபுரம் நிமிர்ந்தபின்பே எங்கள் பக்கத்து வீடுகளுக்குத் தமிழ் ஒழுங்காக வந்து சேர்ந்தது. கூரைகள்மேல் இருபதடி இரும்புக் குழாய்கள் எழுந்தன. பள்ளிவாசலின் கிப்லா மேற்கே, சற்று வடக்காக. ஆண்டெனாக்களின் கிப்லா தென்மேற்கே. இதைச் சொல்லி எங்கள் ஹஜ்ரத் ஒருமுறை ஜும்ஆ பயானில் எல்லோரையும் சிரிக்கவைத்தார். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள்.

எதிர்வீடு லாரிக்காரக் கவுண்டருடையது. இரண்டு லாரிகள், இரண்டிலும் எழுத்து அத்தாவுடையது. அவர் வாங்கியிருந்தது மரக்கதவு போட்ட டயனோரா கருப்பு வெள்ளைப் பெட்டி. மாலையில் கவுண்டரம்மா அந்தக் கதவை இரு பக்கமும் தள்ளித் திறப்பது, கடைக்காரர் கடையைத் திறப்பதுபோல் இருக்கும். தெருப் பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் பாயில், கவுண்டர் மட்டும் மர நாற்காலியில். முதலில் தூர்தர்ஷனின் வட்டம் சுழன்று வரும். அந்த ஷெனாய் இசையை இன்று எங்கே கேட்டாலும் எனக்கு அவர்கள் வீட்டுச் சாம்பிராணி மணம் வருகிறது. பிறகு வயலும் வாழ்வும். கவுண்டர் அதை மட்டும் பேச்சுமூச்சின்றிப் பார்ப்பார். எங்களுக்கு அது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. பின்பு தமிழ்ச் செய்தி. செவ்வாய்க்கிழமை நாடகம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். எட்டரை மணிக்குமேல் டெல்லி வந்துவிடும். இந்தி தெரியாத தெரு மெல்ல எழுந்து சோற்றுக்குப் போகும். நடுவில் படம் அறுந்தால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வரும். அதையும் நாங்கள் கண்கொட்டாமல் பார்த்திருந்தோம் என்பதை இப்போது சொன்னால் என் மகள் நம்பமறுக்கிறாள்.

ஒன்றை நன்றியோடு பதிய விரும்புகிறேன். பாங்கு சொல்லும் ஒலி கேட்டதும் கவுண்டரம்மா எழுந்து போய் ஒலியைக் குறைத்துவிடுவார். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. பாட்டு நடந்துகொண்டிருந்தாலும் குறைப்பார். பாங்கு முடியும்வரை உதடு அசைய ஊமையாய் ஆடிக்கொண்டிருப்பார்கள் திரையில்.

என் தவறு வெள்ளிக்கிழமைகளில் நடந்தது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே நாங்கள் ஓதப் போகவேண்டும். ஒளியும் ஒலியும் அதே நேரத்தின் வாலில் வந்து ஒட்டிக்கொள்ளும். வயிற்றுவலி, பள்ளிக்கூடக் கணக்கு, அம்மாவுக்கு மருந்து என்று நான் ஹஜ்ரத்திடம் சொல்லாத காரணம் இல்லை. ஒருநாள் அகப்பட்டுக்கொண்டேன். அத்தா அடிக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை பட்டறைக்கு அழைத்துப்போய் ஒரு லாரியின் பின்கதவு முழுவதையும் உப்புத்தாளால் தேய்க்கவிட்டார். மாலையில் என் விரல் நுனிகளைப் பார்த்துவிட்டு, "தேச்சாத்தான் அடுத்த பூச்சு ஒட்டும்" என்றார். அதுதான் தண்டனை, அதுதான் உபதேசமும். அதன்பின் நான் வெள்ளிக்கிழமையில் எதிர்வீட்டு வாசற்படி ஏறவில்லை.

இது 1989. அதற்கு முந்தைய ஆண்டு அண்ணன் குவைத்துக்குப் போயிருந்தார். அத்தாவிடம் தொழில் கற்றவர்; ஷுவைக் பகுதியில் ஒரு கார்ப் பட்டறையில் பெயிண்டர் வேலை. அம்மாவின் வளையல்கள் சேட்டுக் கடைக்குப் போயிருந்தன. முதல் ஊர்க்காரர் வந்தபோது அண்ணன் ஒரு நேஷனல் பானசோனிக் டேப் ரிக்கார்டர் கொடுத்தனுப்பினார். ரேடியோவும் அதிலேயே உண்டு. காதால் கேட்பதற்கு அத்தாவுக்குத் தடை இல்லை. அண்ணன் பேசி அனுப்பிய கேசட்டை அம்மா தேய்ந்துபோகும்வரை கேட்டார். அத்தா அதில் சிற்றலை பிடிக்கக் கற்றுக்கொண்டார். இரவு ஒன்பதே கால் மணிக்கு லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை. 1941 முதல் வந்துகொண்டிருந்த ஒலிபரப்பு அது; ஆனந்தி போன்றோரின் குரல்கள் எங்கள் பக்கத்தில் உறவினர் குரல்கள்போல் பழகியிருந்தன. தெருவில் தொலைக்காட்சி இல்லாத பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். கடல் இரைவதுபோன்ற இரைச்சலுக்குள்ளிருந்து தமிழ் வரும். சில நேரம் தமிழுக்குள்ளிருந்து இரைச்சல் வரும்.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்துவிட்டது என்பதை அந்தத் திண்ணையில்தான் கேட்டோம். அத்தா ரேடியோவை அணைக்காமல் எழுந்து உள்ளே போனார். அம்மா அடுப்படியில் இருந்தார். இருவருக்கும் இடையே என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. அன்றிரவு எங்கள் வீட்டில் விளக்கு அணையவில்லை.

ஓரிரு நாட்களில் இன்னொரு செய்தியும் அதே பெட்டியில் வந்தது. இலங்கையில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் வெள்ளி இரவு இஷாத் தொழுகையில் நின்றிருந்தவர்கள், சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர், சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஸஜ்தாவுலயா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆகஸ்ட் எங்களுக்கு அப்படித்தான் தொடங்கியது.

குவைத்துக்குத் தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. ஆட்சியர் அலுவலகத்துக்குச் சேலம் போய் அண்ணனின் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் எழுதிக் கொடுத்து வந்தோம். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டம்தான், தனி மாவட்டமானது 1997இல். அதே நோக்கத்தோடு வந்தவர்கள் அங்கே வரிசையில் நின்றிருந்தார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டது ஒன்றே: "உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

ரேடியோவில் ஒன்பதே கால்வரை காத்திருப்பது அம்மாவால் இயலவில்லை. கவுண்டரம்மாதான் வந்து சொன்னார்: "டீவில சாயங்காலமே நியூஸ் சொல்றாங்களே, படத்தோட. பையன அனுப்புங்க." அந்த நேரம் அத்தாவுக்குத் தூணருகே உட்காரும் நேரம், எனக்கு ஓதும் நேரம். அத்தா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மஃரிப் முடிந்து நான் கிதாபை எடுத்தபோது என் தோளில் கைவைத்து ஹஜ்ரத்திடம் அழைத்துப்போனார். "இவனுக்குக் கொஞ்ச நாளைக்கு லீவு கொடுங்க ஹஜ்ரத். எதிர்வீட்டுல செய்தி கேட்டு வரணும்" என்றார். ஹஜ்ரத் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். "காலையில சுபுஹுக்குப் பிறகு வந்து ஓதட்டும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. டிவி பார்ப்பதற்கு ஹஜ்ரத்திடமே அனுமதி வாங்கித் தந்த என் அத்தாவைப் பார்த்து எனக்கு அச்சமாக இருந்தது. அவர் அஞ்சுகிறார் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

ஏற்பாடு இதுதான். நான் தமிழ்ச் செய்தியைப் பார்ப்பேன். இஷா முடிந்து அத்தா வெளியே வரும்போது பள்ளிவாசல் படியில் நின்று அவரிடம் சொல்வேன். அவர் வீட்டில் அம்மாவிடம் சொல்வார்.

பதின்மூன்று வயது எனக்கு. முதல் சில நாட்கள் கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைச் சந்தித்தார். இருவரும் கட்டித் தழுவிக்கொண்ட காட்சியைக் காட்டினார்கள். அதை அத்தாவிடம் சொன்னபோது நானே ஏதோ சாதித்ததுபோல் இருந்தது. குவைத்திலிருந்தவர்கள் பஸ்ராவுக்கும், அங்கிருந்து பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்கும் பேருந்துகளில் போவதாகவும், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் பம்பாய்க்கு அழைத்துவருவதாகவும் சொன்னார்கள். இதுவும் நல்ல செய்தி. பிறகு எல்லையில் பாலைவனக் கூடாரங்களைக் காட்டினார்கள். தண்ணீர் லாரியைச் சுற்றி மனிதர்கள் மொய்த்தார்கள். தட்டுப்பாடு, வெயில், காய்ச்சல் என்று வாசித்தார்கள். ஒருவர் மணலில் படுத்திருந்தார். தூங்குகிறாரா என்று தெரியவில்லை.

அன்று படியில் நின்று அத்தாவிடம் சொன்னேன்: "எல்லாருக்கும் கூடாரம் கொடுத்திருக்காங்க அத்தா. தண்ணி, ரொட்டி எல்லாம் தாராளமாக் கொடுக்கிறாங்களாம்." அத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வீடு வரை அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டு நடந்தார். அடுத்த நாள் இன்னும் சற்றுக் கூட்டினேன். டாக்டர்கள் வந்திருப்பதாகச் சொன்னேன். அதற்கு அடுத்த நாள், தமிழர்களுக்குத் தனி வரிசை என்றேன். பொய் ஒரு பூச்சின்மேல் இன்னொரு பூச்சாக ஏறியது. சில நாள் செய்தியில் குவைத் பற்றிய பேச்சே இராது. மண்டல் பரிந்துரையை எதிர்த்துப் போராடிய மாணவர்கள், மூடிய கல்லூரிகள் என்று டெல்லிக் கலவரமே முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டது. அந்த நாட்களிலும் நான் வெறுங்கையோடு படியில் நின்றதில்லை.

அம்மா அந்நாட்களில் சாப்பிட்டார். அதை நான் கவனித்திருந்தேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஓரிரவு தாகம் எடுத்து எழுந்தேன். திண்ணைப் பக்கம் மிக மெல்லிய ஒலி. முன்பெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி வைப்பவர், ரேடியோவை மடியில் வைத்து, காதைச் சாய்த்து, அத்தா ஒருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். திண்ணைக்கு வரும் பெரியவர்களை வேண்டாம் என்று சொல்லியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. தமிழோசை எல்லைக் கூடாரங்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் மாலையில் சொன்னதில் ஒன்றுகூட அதில் இல்லை. நான் சொல்லாமல் விட்டவை எல்லாம் இருந்தன.

நிலைப்படியில் நிற்பவனை அவர் பார்த்துவிட்டார். அணைக்கவில்லை. செய்தி முடியும்வரை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பிறகு, உள்ளே கேட்காதபடி சொன்னார்: "நீ சொன்னதத்தான் உங்கம்மாட்ட சொல்லியிருக்கேன். அதுவே இருக்கட்டும்."

நான் அழுதேன். அவர் என் தலையைத் தடவினார். "எங்கிட்ட இனிமே உள்ளத உள்ளபடி சொல்லு" என்றார்.

இதைப் பற்றிப் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். மக்களிடையே சமாதானம் செய்யவும், போரிலும், கணவன் மனைவிக்கிடையிலும் என மூன்று இடங்களில் சொல்லைக் கூட்டிக் குறைக்க இடம் உண்டு என்ற நபிமொழியை நம்மில் பலர் கேட்டிருப்போம். அத்தா அம்மாவிடம் சொன்னதற்கு அதில் இடம் இருக்கலாம். நான் அத்தாவிடம் சொன்னதற்கு? செய்தி கேட்டு வா என்று நம்பி அனுப்பப்பட்டவன் நான். அமானிதத்தில் கைவைத்தவன் என்றுதான் இன்றும் என்னை நினைக்கிறேன். ஆனாலும் அம்மா சாப்பிட்ட அந்தச் சோறு கண்முன் வந்து நிற்கும்போது, அந்த நினைப்பும் முழுதாக நிலைப்பதில்லை. ஆலிம்கள் எனக்கு இதில் தெளிவு தரலாம். நான் இதுவரை கேட்கவில்லை.

அடுத்த நாள் இஷாவுக்குப்பின் அத்தா வீட்டுக்குத் திரும்பவில்லை. எதிர்வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். டெல்லிச் செய்தியில் படம் அதிகம் காட்டுகிறார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். கவுண்டர் தம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "உக்காருங்க பாய்." அத்தா தரையில்தான் உட்கார்ந்தார், பிள்ளைகள் உட்காரும் இடத்தில், திரைக்கு மிக அருகில். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். இந்தி அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. அவர் கேட்க வந்தவர் அல்லர்.

ஜோர்டான் வந்தது. கூடாரங்களின் முன் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். தலையில் துண்டு, கையில் பை. கேமரா அவர்கள் முகங்களின்மேல் இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஒரு முகத்துக்கு அரை நொடி கூடக் கிடைக்கவில்லை. அத்தாவின் தலையும் கூடவே நகர்ந்தது. முடிந்ததும் கவுண்டரைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் திருப்பிப் போடுங்க கவுண்டரே" என்றார்.

டேப் ரிக்கார்டரில் அண்ணனின் குரலைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்ட வீடு எங்களுடையது. இதிலும் அப்படி முடியும் என்று அவர் நினைத்திருக்கிறார். கவுண்டருக்குப் பேச்சு வரவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "அது போனாப் போனதுதானுங்க பாய். நாளைக்கு மறுக்காக் காட்டுவாங்க, வாங்க."

அத்தா மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். லாரியின் நெற்றியில் ஒரு முகம் எழுத மறுத்து எத்தனையோ கூலியை விட்டவர், ஒரு மாதத்துக்குமேல் ஒவ்வோர் இரவும் கருப்பு வெள்ளைத் திரையில் ஒரு முகத்தைத் தேடினார். ஒன்பது மணியானதும் எழுந்து, கவுண்டர் வீட்டாருக்கு நன்றி சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து வந்து, மடியில் ரேடியோவை எடுத்துக்கொள்வார். அங்கே படம் இருந்தது, சொல் புரியவில்லை. இங்கே சொல் புரிந்தது, படம் இல்லை. இரண்டிலும் அண்ணன் இல்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே தூணருகே உட்காருவதை மட்டும் ஒருநாளும் விடவில்லை. அந்நாட்களில் அவர் அங்கே என்ன ஓதினார் என்று நான் கேட்டதில்லை.

செப்டம்பர் கடைசியில் செய்தி வேறு திசைக்குத் திரும்பியது. சோமநாதபுரத்திலிருந்து அயோத்தியை நோக்கி ரதம் புறப்பட்டிருந்தது. அந்தக் காட்சிகளின்போது அந்தக் கூடத்தில் யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். கவுண்டரம்மா எழுந்துபோய் அத்தாவுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். இதைப் பற்றி அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ரபீஉல் அவ்வல் மாதம், எங்கள் பள்ளிவாசலில் மவ்லிது ஓதிக்கொண்டிருந்த நாட்களில், அண்ணன் வந்து சேர்ந்தார். பம்பாயில் இறங்கி, ரயில் மாறி, சேலம் சந்திப்பில் இறங்கி, ராசிபுரம் வழியாக பஸ்ஸில் வந்து, விடியற்காலையில் கதவைத் தட்டினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உடல் பாதியாகியிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அம்மானிலிருந்து விமானங்கள் ஏறத்தாழ ஐந்நூறு நடை பறந்து, 1,70,000 பேருக்கு மேல் இந்தியா கொண்டுவந்து சேர்த்தன என்று பிற்பாடு படித்தேன். எங்களுக்கு அதில் ஒருவர் கணக்கு.

பட்டறை முதலாளி முதல் நாளே காணாமற்போனது, சம்பளப் பாக்கி, பாக்தாத் சாலையில் மூன்று நாள் பேருந்து, ருவைஷித் எல்லை, ஒரு ரொட்டியை நால்வர் பகிர்ந்தது என்று அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அத்தா குறுக்கிடாமல் கேட்டார். எல்லாம் கேட்டபின், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவர் கேட்டது இது: "அந்தக் கூடாரத்துல டீவிக்காரங்க வந்தாங்களா?"

"வந்தாங்க அத்தா. ரெண்டு மூணு தடவ."

"உன்னப் பார்க்க முடியலையே."

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேமரா வர்றப்ப எல்லாம் துண்டப் போட்டு மூஞ்சிய மூடிக்குவேன் அத்தா. அந்தக் கோலத்துல அம்மா பார்த்துடக் கூடாதுன்னு."

அம்மா அடுப்படியிலிருந்து, "நானா? நான் எங்கே டீவி பார்த்தேன்?" என்றார். அத்தா ஒன்றும் சொல்லவில்லை. குழம்பை அண்ணன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

குவைத்தில் வேலையும் உடைமையும் இழந்தோருக்கு ஈராக்கின் எண்ணெய்ப் பணத்திலிருந்து ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணையம் தொகை வழங்கியது. அண்ணனுக்கும் சில ஆண்டுகள் கழித்து வந்தது. முதலில் அம்மாவின் வளையல்கள் சேட்டுக் கடையிலிருந்து திரும்பின. மிச்சத்தில் அண்ணன் ஒரு கலர் டிவி வாங்கிவந்து கூடத்தில் வைத்துவிட்டு, அத்தா பள்ளிவாசலிலிருந்து வரும்வரை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அத்தா வந்தார், பார்த்தார், "பாங்கு சொல்றப்ப சத்தத்தக் குறைச்சுடணும், அந்தம்மா குறைச்ச மாதிரி" என்றார். அவ்வளவுதான்.

அவர் அதன்முன் அதிகம் உட்கார்ந்ததில்லை. மஃரிபுக்குப்பின் தூணருகேதான். இஷா முடிந்து வரும்போது நான் வீட்டில் இருந்தால், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்ன செய்தி?" என்று கேட்பார். கேட்டதைக் கேட்டபடி சொல்வேன். "ம்" என்பார். சாப்பிட்டுவிட்டு, ஒன்பதே காலுக்கு அந்தப் பழைய நேஷனல் பானசோனிக்கை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார்.